தம்பியின் கடுகு மஞ்சள் பனியன்

என் பீரோவில் ஒரு பனியன் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதை டீ-சர்ட் என்பார்கள், திருப்பூரில் எங்களுக்கு எல்லாமே பனியன்தான். கடுகு மஞ்சள் நிறம், அரைக்கை, காலர் கிடையாது. என் தம்பிக்கு நோய் என்று எனக்குத் தெரியவருவதற்கு முந்தைய இரண்டு மாதம், வாரத்தில் நான்கு நாளாவது இதைப் போட்டுக்கொண்டுதான் என்னைப் பார்க்க வந்தான். ஏன் இதையே போட்டான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. செத்துப்போனவனைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. நானாக யோசித்தால் காலையில் ஒரு பதில் வருகிறது, சாயங்காலம் அதற்கு நேர் எதிராக இன்னொன்று வருகிறது.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷேடு பார்க்கிறவள். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, வெளிநாட்டுக்காரர் சரி என்று அனுப்பிய மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அதற்கென்று லைட் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. உள்ளே சாம்பல் பெயின்ட் அடித்த பெட்டி, மேலே மூன்று விதமான விளக்கு. ஒரு பொத்தானை அமுக்கினால் பகல் வெளிச்சம், இன்னொன்றில் துணிக்கடை வெளிச்சம், மற்றொன்றில் வீட்டு மஞ்சள் பல்பு. சில துணி பகல் வெளிச்சத்தில் மாதிரித் துண்டோடு அச்சாகப் பொருந்தும், மஞ்சள் பல்பில் வேறு நிறமாகத் தெரியும். வெளிச்சம் மாறினால் பேச்சை மாற்றுகிற அந்தத் துணிகளைப் பிடிப்பதில்தான் என் சாமர்த்தியம் இருக்கிறது. கம்பெனியில் என் கண்ணுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். சாயப்பட்டறை ஒன்றின் லேபில் இருந்தான். எந்தச் சாயம் எத்தனை கிராம், எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று சின்னக் குடுவையில் போட்டுப் பார்த்து நிறத்தைப் பிடிக்கிற வேலை. அவன் பட்டறையிலிருந்து எங்கள் கம்பெனிக்கும் துணி வரும். தம்பி பிடித்த நிறம் என்று நான் ஒருநாளும் கண்ணை மூடிக்கொண்டதில்லை. இந்தக் கடுகு மஞ்சளை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். பகலில் நன்றாக இருந்தது, மஞ்சள் பல்பில் செம்மண் நிறம் அடித்தது. நாலாவது தடவை சரியாகப் பிடித்துவிட்டான். நான் தள்ளிவிட்ட துணியில் ஒரு மீட்டர் வாங்கித் தனக்கென்று ஒரு பனியன் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான்.

“பாருங்கக்கா, நீங்க வேண்டாம்னு தள்ளுன துணி. எனக்கு நல்லாத்தான இருக்குது?”

“ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி இருக்கற, போ” என்றேன். அதெல்லாம் நோய்க்கு ரொம்ப முன்னால்.

அவனுடைய தாராளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும். அவன் தெருவில் யாருடைய துணி வெளுத்தாலும் அவனிடம் வந்துவிடும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பழைய யூனிஃபார்ம் பைபையாக வரும். “காட்டனா இருந்தாக் குடுங்க, பாலியெஸ்டர்ல இந்தச் சாயம் புடிக்காதுங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்வான். பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வான். மிச்சச் சாயத்தில் முக்கி, காயவைத்து, ஒரு வாரத்தில் புதுத்துணி மாதிரி கொண்டுபோய்க் கொடுப்பான். பக்கத்து வீட்டில் ஒரு ஒடிசாக்காரப் பையன் குடும்பத்தோடு குடிவந்தபோது, அவன் வேலைக்குப் போய்வரத் தன் வண்டியைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பஸ்ஸில் போனான். “நீ என்ன கர்ணன் பரம்பரையா?” என்று நான் திட்டுவேன். “வண்டி சும்மாதானுங்க்கா நிக்குது” என்பான். சும்மா நிற்கவில்லை, அவன்தான் பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றான்.

இதெல்லாம் ஊருக்குச் செய்தது. எனக்குச் செய்தது வேறு. அவன் இறப்பதற்கு முந்தைய வருடம் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன், அதற்குப் பிறகு திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே நான்கு மாதம் படுக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பி வேலை முடிந்து நேராக வருவான். மச்சானைத் தூக்கி உட்கார வைப்பான், உடம்பு துடைத்துவிடுவான், சவரம் செய்துவிடுவான். என் வீட்டுக்காரர் கூச்ச சுபாவம் உள்ளவர். கட்டில் பக்கத்தில் வேறு யாராவது வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். தம்பி கைபட்டால் மட்டும் சும்மா இருப்பார். அவர் எழுந்து நடக்க ஆரம்பித்த அன்றைக்கு நான் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். “அழுவாதீங்க்கா, இனிமே ஆஸ்பத்திரிப் பக்கமே நீங்க போக வேண்டாம்” என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த வார்த்தையை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. என் கம்பெனிக்கு எதிரில் ஒரு பேக்கரி இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு எனக்கு வேலை முடியும். அவன் வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே வந்து நிற்பான். ஒரு டீ, ஒரு பஃப்ஸ், அரைமணி நேரப் பேச்சு. முதலில் வாசலில் நின்றுதான் குடிப்போம். போர்டின் வெள்ளை விளக்கு நேராக எங்கள் தலைமேல் அடிக்கும். பிறகு ஒருநாள், “உள்ளார வாங்கக்கா, ரோட்டுத் தூசி” என்றான். அன்றிலிருந்து உள்ளே, பஃப்ஸ் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்து மேசை. பஃப்ஸ் சூடு ஆறாமல் இருக்க அந்தப் பெட்டிக்குள் மஞ்சள் பல்பு எரியும், மேலேயும் அதே மாதிரி ஒன்று தொங்கும். அங்கே உட்கார்ந்தால் எல்லாருமே மஞ்சள் பூசிக் குளித்தவர்கள் மாதிரிதான் இருப்போம்.

தூசி என்று சொன்னானே, அந்தச் சாலையில் தூசி இல்லாத நாள் எது? அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் அவன் டம்ளரைப் பிடித்திருந்தபோது நகக்கண் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், பார்க்காமல் இல்லை. சாயக்காரன் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். போன வாரம் நீலம், அதற்கு முந்தின வாரம் மெரூன். கல்யாணத்துக்கே அவன் பச்சை விரலோடுதான் தாலி கட்டினான். நான் உடனே திட்டினேன்.

“கிளவுஸ் போட்டு வேலை செஞ்சா என்னடா? சோறு திங்கற கை.”

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மேசைமேல் என் பக்கமாக நீட்டி வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

“கழுவுனாப் போயிருங்க்கா” என்றான்.

நான் கம்பெனிக் கதைக்குப் போய்விட்டேன்.

பஃப்ஸ் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான். வீட்டிலும் உப்பில்லாமல் சாப்பிடுகிறான் என்று தம்பி மனைவி ஒருமுறை போனில் சொன்னாள். உடம்பைக் குறைக்கிறானாக்கும் என்று நினைத்தேன். “யாருக்குக் காட்ட ஹீரோ மாதிரி ஆகற?” என்று கேலி செய்தேன். அவனும் சிரித்தான். அந்த மாதங்களில்தான் பழைய கடுகு மஞ்சள் பனியனை மறுபடி எடுத்துப் போட ஆரம்பித்திருந்தான்.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று எங்கள் பகுதிக்குப் பகல் முழுக்க கரண்ட் இருக்காது. அந்தத் தடவை கம்பெனி ஜெனரேட்டரும் மக்கர் செய்ததால் எல்லாருக்கும் லீவு விட்டார்கள். மூலனூரில் இருக்கிற சித்தி கொடுத்தனுப்பிய முருங்கைக்காய் ஒரு கட்டு வீட்டில் கிடந்தது. பாதியை எடுத்துக்கொண்டு, தம்பிக்கும் அன்று லீவு என்பதால், சொல்லாமல் அவன் வீட்டுக்குப் போனேன். மணி பன்னிரண்டு இருக்கும். வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வெயில் அவன்மேல் நேராக விழுந்தது.

கேட்டைத் திறந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோள், கழுத்து, வயிறு எல்லாம் ஒரே நிறம். நிமிர்ந்து பார்த்தான், கண்ணின் வெள்ளையும் அதே நிறம். ரோலைப் பிரித்த உடனே ரிஜெக்ட் என்று தெரியுமே, அந்த மாதிரி ஒரு நொடிகூட ஆகவில்லை. முருங்கைக்காயைக் கீழே போட்டேன்.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“வாங்கக்கா. சாப்ட்டீங்களா?” என்றான்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலைதான், பச்சிலை போதும் என்று உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒருவரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்க் குடித்திருக்கிறான். உப்பில்லாத சாப்பாடு அதற்காகத்தான். இடையில் ஒரு வாரம் குறைந்த மாதிரி இருந்ததாம், அதனால் தைரியமாக இருந்துவிட்டான். அன்று மதியமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இது சாதாரணக் காமாலை இல்லை, பித்தநாளத்தில் கட்டி, அது அடைத்துக்கொண்டதால்தான் உடம்பு மஞ்சளாகியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். ஈரலுக்கும் போயிருந்தது. முன்னாடியே வந்திருந்தால், என்று கேட்டேன். “ரெண்டு மாசம் முன்னாடின்னா ஆபரேஷன் பண்ணலாமான்னு யோசிச்சிருக்கலாம். அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த பதினோரு வாரம் நான் லீவு போட்டுவிட்டு அவன் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஜன்னலோரக் கட்டில். வெள்ளை விரிப்பு, நல்ல பகல் வெளிச்சம், ஒன்றும் மறைக்க முடியாத இடம். அப்போதும் அவன் குணம் மாறவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு யாரும் வரவில்லை என்று தனக்கு வந்த இளநீரை அவருக்குத் தள்ளிவிடுவான். நர்ஸுகளிடம் எல்லாம் வெளுத்த துணி இருக்கிறதா என்று விசாரித்து வைத்திருந்தான். “எந்திரிச்சுப் போனதும் சாயம் போட்டுத் தர்றனுங்க” என்பான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். உனக்கென்று ஒரு நாளாவது எதையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கத்தத் தோன்றும். கத்தவில்லை.

ஒரு காலையில் டியூப் போட்டு அடைப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டிருந்தார்கள். கையை விரிப்பின்மேல் வைத்து, “ஷேடு பாருங்கக்கா, கொறஞ்சிருக்குதா?” என்றான். குறையவில்லை. ஒருவேளை கூடியிருக்கலாம்.

“நல்லாக் கொறஞ்சிருக்கு. பாஸ்” என்றேன்.

என்னையே பார்த்தான். “என்னோட துணியவே மூணு தடவை தள்ளுனவீங்க நீங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். என் பொய் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோபமா, ஆறுதலா, அந்தச் சிரிப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் பொய்யாகப் போட்ட ஒரே பாஸ் அது. பதினொன்றாவது வாரத்தின் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவன் மனைவி பிளாஸ்க் கழுவப் போயிருந்தபோது போய்விட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் தம்பி மனைவி அவன் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள், அவளும் அவனைப் போலத்தான். கடுகு மஞ்சள் பனியனை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினாள். “இது உங்களுக்குங்க அண்ணி. பேக்கரிக்குப் போற நாளு இதைத்தான் தேடி எடுத்துப் போடுவாரு” என்றாள்.

தேடி எடுத்துப் போடுவான் என்றதும் எனக்குப் பொட்டில் அடித்தது. மஞ்சள் பல்புக்குக் கீழே, மஞ்சள் பனியனோடு உட்கார்ந்தால் மஞ்சள் உடம்பு தெரியாது. இது ஷேடு பிடிக்கிறவனுக்குத் தெரியாதா? அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்தில் வெளிறிய நிறத்தை வைத்தால் வெளிறியது ஒன்றுமில்லாததாகிவிடும். என் கண்ணிடமிருந்து ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் அவன் இதைத்தான் செய்திருப்பான்.

“என்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அவன்தான் சொன்னானா?” என்று கேட்டேன்.

“மொதல்ல அப்படித்தானுங்க சொன்னாரு. அக்கா இப்பத்தான் ஆஸ்பத்திரிப் படி எறங்கி மூச்சு உடறாங்க, மறுக்கா ஏத்த வேண்டாம்னாரு.” அவள் ஒரு லுங்கியை மடித்து வைத்தாள். “அப்புறமேட்டு ஒவ்வொரு நாளும் பேக்கரிக்குப் போயிட்டு வந்து செருப்பக் கழட்டறப்பவே ஒண்ணு சொல்லுவாருங்க. ‘இன்னைக்கும் அக்கா கண்டுபிடிக்கலே’ன்னு.”

எனக்கு மடியில் வைத்திருந்த பனியன் கனத்தது. “எப்படிச் சொன்னான்? நிம்மதியாவா, வருத்தமாவா?”

அவள் ஒரு சட்டையை எடுத்து உதறி மடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரு எதையுமே சிரிச்சுக்கிட்டுத்தானுங்களே சொல்லுவாரு” என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் எங்கள் தொழிலில் ஒரு நிறத்தை ஒளிப்பதற்கும் காட்டுவதற்கும் செய்கிற காரியம் ஒன்றேதான். ஒரு துணியின் குறை தெரிய வேண்டுமானால் மாதிரித் துண்டை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். நான் மூன்று தடவை பார்த்துத் தள்ளிய துணி, என் கண்ணுக்கு மனப்பாடமான மஞ்சள். அதைக் கழுத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு வந்து, “இதுக்கு மேல இருக்கறதப் பாருங்கக்கா” என்று தினமும் காட்டினானா? வாயால் சொல்லத் தைரியம் வராமல் என் கண்ணை நம்பி வந்தானா? கையை மேசைமேல் நீட்டி வைத்தானே, அது எதற்கு? அப்படியென்றால் மஞ்சள் பல்புக்குக் கீழே ஏன் உட்கார்ந்தான்? ஒருவேளை முதல் வாரம் ஒளிந்தானோ, பிறகு காட்டினானோ? நான் பைத்தியம் மாதிரி போனில் அந்த இரண்டு மாதப் படங்களைத் தேடினேன். பேக்கரியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. இந்தக் காலத்துப் போன் தானாகவே எல்லாரையும் வெளுப்பாக்கிவிடுகிறது. அதில் தம்பி மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் பனியனைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் அறையில் யாரும் இல்லை. லைட் பாக்ஸுக்குள் அதை விரித்து, அதன்மேல் என் கையை வைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு. மஞ்சள் பல்பில் துணி செம்மண் அடித்தது, நான் தள்ளியது சரிதான். என் கை கறுப்பாக, ஆரோக்கியமாக, எந்த வெளிச்சத்திலும் என் கையாகவே இருந்தது. எதைக் கண்டுபிடிக்க வந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கை இப்போது இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அந்த இரண்டு மாதம் பேக்கரியில் நாங்கள் என்னதான் பேசினோம் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கால் வலி. புதிதாக வந்த மேனேஜரின் அதிகாரம். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கிற சண்டை. சித்தி மகள் சீருக்கு நம்மைக் கூப்பிடாதது. எல்லாம் நான் பேசியது. அவன், “அப்புறம்ங்க்கா?” என்பான். நான் சொல்லுவேன். “அடடா, அப்புறம்ங்க்கா?” என்பான். டீ ஆறிப்போகும்.

அந்த நாற்பது சாயங்காலத்தில், நீ எப்படிடா இருக்கற, உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று ஒரு தடவையாவது கேட்டேனா என்று தேடினேன். திரும்பத் திரும்பத் தேடினேன். நகத்தைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன், உப்பைப் பற்றிக் கேலி செய்திருக்கிறேன், கேட்கவில்லை. அதற்கு நல்ல கண்ணும் வேண்டியதில்லை, நல்ல விளக்கும் வேண்டியதில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா, ஒண்ணுமில்லீங்க்கா என்று சிரித்திருப்பானா, தெரியாது. ஒளிந்தானா, காட்டினானா, அதுவும் தெரியாது. நான் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.